ஒரு கண் தரையில், ஒரு கண் கூரையில்

"இது செவிட்டு ஊசிக்கா. காது எந்தப் பக்கம்னே தெரியல."

"ஜன்னல் பக்கமாத் திருப்பிப் பிடிங்க தம்பி."

"ஜன்னல்லயே வெளிச்சம் இல்லையே. நாலு மணிக்கே வானம் கடையைச் சாத்திருச்சு. இருங்க, இருங்க... ஆங், நுழைஞ்சிருச்சு! துப்பறியறதுகூட இதைவிடச் சுலபம்."

"நீ எப்போ துப்பறிஞ்சே?"

கேட்டவர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண்மணி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் நசுங்கிய கார்களைப் பார்த்தவர். கார் என்ன சொல்கிறது, ஓட்டியவர் என்ன சொல்கிறார், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எழுதிக்கொடுத்தவர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். ஊசியில் நூல் கோத்தவன் அவருடைய உதவியாளன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புவான்.

ஊசியை வாங்கிக்கொண்ட தையல்கார அக்காவின் மூக்கின்மேல் சோடா பாட்டிலின் அடிப்பாகம்போல் தடித்த கண்ணாடி. வாலுவின் சட்டையில் ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது பட்டனை இழுத்துப் பிடித்து, சட்டையைக் கழற்றச் சொல்லாமலேயே தைக்க ஆரம்பித்தார்.

"குத்திடாதீங்கக்கா. உள்ள இதயம்னு ஒண்ணு இருக்கு."

"அசையாம நில்லுங்க."

அவர் விரல்கள் கண்ணின் உதவியைக் கேட்கவில்லை. நாலு தையல் போட்டதும், பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலை இறுக்கமாகச் சுற்றினார். ஐந்து சுற்று. பிறகு ஊசியை அந்த நூல் கழுத்துக்குள்ளேயே இரண்டு முறை குறுக்காகச் செருகி இழுத்து, முடிச்சை உள்ளே மறைத்து, பல்லால் கடித்து அறுத்தார்.

"சட்டை கிழிஞ்சாலும் பட்டன் விழாது. எங்க சின்னவன் சட்டை எல்லாத்துக்கும் இப்படித்தான் தைப்பேன்."

"அதெல்லாம் சரிக்கா. வெள்ளைச் சட்டைக்கு நீல நூலா?"

"நீலமா?" அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மழை இருட்டுல ஒண்ணும் தெரியல."

மேஜைமேல் அதே கருநீலத்தில் ஒரு புதுச் சட்டை கிடந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அவருடைய தம்பி, அந்தச் சின்னவன், அதைப் போட்டுக்கொண்டு நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். ஆறு நாளைக்கு முன் ஏரிக்கரை வளைவில் ஒரு கார் சைக்கிளில் வந்த தபால்காரரை அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது. மூன்றாம் நாள் தபால்காரர் இறந்துபோனார். கார் ஒரு வக்கீலுடையது. ஓட்டுபவன் சின்னவன். போலீஸ் வந்து கேட்டதும் அவன் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டான்: நான்தான்.

"கடைசியா ஒரு தடவை சொல்லுங்கம்மா," என்றார் சர்வேயர்.

"அன்னைக்குச் சாப்பிட வண்டியோட வந்தான். உடம்பு கொதிச்சுது. மாத்திரையப் போட்டுப் படுத்தவன் மறுநாள் காலையிலதான் கண்ணே தொறந்தான். அவன் ஓட்டல. சத்தியமா ஓட்டல."

"வண்டி?"

"சாயங்காலம் வக்கீலே வந்து எடுத்துட்டுப் போனார்."

"அவர் இல்லைங்கிறாரே. ஏழு மணிக்குப் பாத்தப்போ வண்டி ஷெட்ல இருந்துச்சு, டிரைவர்தான் கொண்டுவந்து விட்டிருக்கணும்னு சொல்றார்."

"கறுப்புக் கோட்டு போட்டவருக்குப் பொய் சொல்லத் தெரியாதா? அவர்தான் எங்க சின்னவனை என்னமோ சொல்லி மிரட்டி வெச்சிருக்கார். நாளைக்கு அங்கயும் நான்தான்னு சொல்லிட்டான்னா..."

"வக்கீல் இன்னொண்ணும் சொன்னார். அன்னைக்குக் காலையிலயே வலது ஹெட்லைட் எரியலையாம். போலீஸ் வண்டியைப் பிடிச்சப்போ ரெண்டும் எரிஞ்சிருக்கு. நடுவுல யாரோ பல்பு மாத்தியிருக்காங்க. மாத்தினவர்தான் ஓட்டினவர்." சர்வேயர் நோட்டை மூடினார். "உங்களுக்கு அதைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்னம்மா தெரியும் பல்பைப் பத்தி?" என்றார் அக்கா, கீழே விழாத ஒரு நூல்துண்டைத் தரையில் தேடியபடி.

*

அந்த விபத்துக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தார். போலீஸ் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஏரிக்கரை வளைவில் மாடி அறையில், காலில் மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தார் ஒரு வீட்டுப் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்தவர்.

"ரோட்டை நான் பாக்கல. எழுந்திருக்க முடிஞ்சாத்தானே பாக்க? நான் பாத்துக்கிட்டு இருந்தது இந்தக் கூரையை."

வாலுவும் அண்ணாந்து பார்த்தான். "நல்லாத்தான் அடிச்சிருக்காங்க."

"நான் அடிச்சது. அந்த மூலையில பெயிண்ட் ஒரு கோட் கம்மி. பகல்ல யார் கண்ணுக்கும் தெரியாது. அன்னைக்கு மில் சங்கு ஊதிக்கிட்டு இருந்துச்சு, ஆறு மணிச் சங்கு. அப்போ ரோட்டுலேருந்து ஒரு வெளிச்சம் ஜன்னல் வழியா ஏறி, வெள்ளை வெளேர்னு, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குக் கூரையை வழிச்சுக்கிட்டுப் போச்சு. என் கம்மி கோட் அப்படியே பல்லைக் காட்டுச்சு."

"மோதின சத்தம்?"

"சங்கு ஊதுறப்போ என்ன கேக்கும்? ஊதி முடிஞ்சதும் சைக்கிள் சக்கரம் சுத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு. டிக் டிக் டிக்குனு. அது நிக்கவே ரொம்ப நேரமாச்சு."

மழை ஒரு முறை ஜன்னலைத் தட்டிவிட்டு, வேறு வீடு என்று புரிந்ததுபோல் நகர்ந்தது.

படியிறங்கும்போது வாலு சொன்னான்: "போலீஸ் சிரிச்சதுல தப்பில்ல மேடம். கார் லைட் தரையைப் பாக்கும். மாடிக்கூரையைப் பாக்க அது என்ன ஏரோப்ளேனா?"

"அதான் கேள்வி," என்றார் சர்வேயர். "வா, பல்புக்காரரைக் கேப்போம்."

*

ஊரில் பழைய கார்களுக்கு விளக்கு விற்கும் கடை ஒன்றுதான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள். கடைக்காரர் சர்வேயரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்தக் காலத்தில் எத்தனையோ க்ளெய்ம் படிவங்கள் வழியாகப் பழக்கம்.

"அன்னைக்குக் கடையில நான் இல்லைங்க, என் மச்சான். நான் வந்ததும் ஒரே புலம்பல். 'மாமா, பழைய வண்டிக்கு யாரோ ஒத்தைப் பல்பு வாங்கிட்டுப் போறாங்க, அதுவும் நூறு வாட்டு'ன்னு. நான்கூடத் திட்டினேன்."

"யார்னு சொன்னாரா?"

"அதை அவனைத்தான் கேக்கணும். மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான். அங்க போனா போனையும் எடுக்கமாட்டான், சோத்துத் தட்டையும் கீழ வைக்கமாட்டான். நாளைக்கு மத்தியானம் வந்துருவான்."

"பத்து மணிக்குக் கோர்ட்டு, பன்னெண்டு மணிக்குச் சாட்சி," என்றான் வாலு. "ஒத்தைப் பல்பு வாங்கினா என்னங்க குத்தம்?"

கடைக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "செருப்புல ஒண்ணு மட்டும் மாத்துவீங்களா? ஒரு பக்கம் பழசு, மஞ்சளா அழும். ஒரு பக்கம் புதுசு, வெள்ளையாச் சிரிக்கும். ஒண்ணு போனா ரெண்டையும் மாத்தணும். டிரைவர் வேலை பாக்கிற எவனும் ஒண்ணு வாங்கமாட்டான். நூறு வாட்டும் வாங்கமாட்டான். அந்தக் காலத்து வயரிங் அறுபதுக்கு மேல தாங்காது. உருகிடும்."

"அப்புறம் ஏன் வித்தீங்க?"

"மச்சானும் வேண்டாம்னுதான் சொன்னானாம். 'கண்ணு சரியாத் தெரியல, இருக்கிறதுலயே பெரிய வெளிச்சமாக் குடுங்க'ன்னு பிடிவாதமாம்."

வாலு சர்வேயரின் காதருகே குனிந்தான். "வக்கீல்! அவர் நேத்து நம்ம விசிட்டிங் கார்டைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சாரே!"

சர்வேயர் கடைக்காரரிடம் திரும்பினார். "ஒரு பல்பைக் காட்டுங்க. போடத் தெரியாதவர் இதைப் போட்டா என்ன தப்பு நடக்கும்?"

கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து, அடிப்பாகத்தை மட்டும் பிடித்து வெளியே எடுத்தார். "முதல் தப்பு, கண்ணாடியைத் தொடறது. விரல்ல இருக்கிற எண்ணெய் ஒட்டினா, சூடாகிறப்போ அந்த இடத்துலயே வெடிக்கும். இதை வாங்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லித்தான் குடுப்போம், துணியால பிடிங்கன்னு. ரெண்டாவது..." இரும்பு வளையத்தைத் திருப்பினார். அதில் மூன்று தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. "இதைக் காதுன்னு சொல்லுவோம். மூணு காது. இந்தப் பெரிய காது மேல வரணும். அப்பத்தான் குழியில உக்காரும், கம்பிக் கிளிப்பும் மாட்டும்."

"கீழ வெச்சா?"

"உக்காராதுங்க. கிளிப் மாட்டாது. அப்படியும் வம்பா அமுக்கிக் கட்டி வெச்சா, தரைக்குப் போக வேண்டிய வெளிச்சம்..."

அவர் பல்பைத் தலைகீழாகத் திருப்பினார். மூவரும் ஒரே சமயத்தில் கடையின் கூரையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பல்லி மட்டும் இருந்தது. அதுவும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் செத்துப்போன வண்டிகள் வரிசையாக நின்றன. வக்கீலின் பழைய கார் கடைசியில், மதிலோரத்து மரம் ஒன்றுக்கு எதிரே. இடதுபக்க முன்மூலை நசுங்கியிருந்தது. ஏட்டு சாவியைக் கொடுத்துவிட்டு, மழைக்குப் பயந்து உள்ளே போனார்.

"லைட்டைப் போடு," என்றார் சர்வேயர்.

வாலு உள்ளே உட்கார்ந்து திருகினான். இடது விளக்கு மதிலின் அடியில் மஞ்சளாகக் குந்தியது. வலது விளக்கு, வெள்ளையாக, நேரே மரத்துக்குள் பாய்ந்தது. கிளைகளில் அடைந்திருந்த காக்கைகள் மொத்தமும் கத்திக்கொண்டு எழும்பின. ஒரு கணம் மரமே பிய்த்துக்கொண்டு பறப்பதுபோல் இருந்தது.

"ஒரு கண்ணு தரையில, ஒரு கண்ணு சொர்க்கத்துல," என்றான் வாலு. ஆனால் அவன் குரலில் சிரிப்பு இல்லை. "பெயிண்டர் பொய் சொல்லல மேடம்."

பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம் வந்தது.

"அணை. வயர் உருகுது."

சர்வேயர் பானெட்டைத் தூக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வலது விளக்கின் பின்புறம் குனிந்தார். பழுப்பேறிய வயர் முனையை விலக்கி, ரப்பர் மூடியை மெல்ல உரித்தார். நெடுநேரம் அப்படியே குனிந்திருந்தார்.

"டிரைவர் இல்லை, அது நிச்சயம்," வாலு பின்னாலிருந்து அடுக்கினான். "அவன்னா ரெண்டு வாங்கியிருப்பான், சின்னதா வாங்கியிருப்பான், காதை மேல வெச்சிருப்பான். அப்போ வக்கீல்தான். கண்ணு தெரியாது, வேலை தெரியாது, வாய் மட்டும் தெரியும். அக்கா சொன்னது சரி. கேஸ் முடிஞ்சுது. போய்ச் சூடா ஏதாவது குடிக்கலாமா?"

சர்வேயர் நிமிர்ந்தார். டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"வாலு. அந்த மூணாவது பட்டனைக் கழட்டாம, கொஞ்சம் இழுத்துக் காட்டு."

"எது? இப்போ தெச்சதா? மேடம், இது போலீஸ் ஸ்டேஷன். கண்ணியமான இடம்."

"காட்டு."

அவன் காட்டினான். டார்ச் வெளிச்சம் பட்டனின் கழுத்தில் நின்றது. பிறகு அவர் அவன் தோளைப் பிடித்துக் குனியவைத்து, அதே வெளிச்சத்தை விளக்கின் பின்புறம் திருப்பினார்.

பெரிய காது கீழே இருந்தது. மாட்டாத கம்பிக் கிளிப்பை யாரோ நூலால் பிணைத்திருந்தார்கள். கிளிப்பின் இரண்டு வளைவுகளிலும் நாலு முறை கோத்து, பல்பின் கழுத்தைச் சுற்றி இறுக்கமாக ஐந்து சுற்று. இரண்டு முறை குறுக்கே செருகி, முடிச்சை உள்ளே மறைத்த வேலை. சூட்டில் ஓரம் கருகியிருந்தாலும் நிறம் தெரிந்தது. கருநீலம்.

"யாராவது..." வாலு விளக்கையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தான். "பல்பை யாராவது தைப்பாங்களா மேடம்?"

"கையில என்ன வேலை இருக்கோ அதைத்தான் செய்வாங்க."

அவன் சட்டையிலிருந்த பட்டன் திடீரென்று மிகவும் கனமாகத் தெரிந்தது.

*

அவர்கள் திரும்பியபோது தையல்கார அக்கா விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முடிகிற நிலையில் இருந்தது.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார், முகமெல்லாம் எதிர்பார்ப்பாக.

சர்வேயர் ஸ்டூலில் உட்காரவில்லை. "பல்பைத் தலைகீழாப் போட்டிருக்காங்கம்மா. பெரிய காது மேல இருக்கணும்."

"மேலயா?"

ஒரே ஒரு வார்த்தை. அறையில் அது விழுந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. அக்காவின் கை வாய்க்குப் போனது.

"உக்காருங்கக்கா," என்றான் வாலு. அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

பிறகு அவராகவே பேசத் தொடங்கினார். "ஆறு மணிக்குள்ள வண்டி ஷெட்ல இல்லேன்னா வேலை கிடையாதுன்னு வக்கீல் முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். இவன் பேச்சு மூச்சில்லாமக் கிடக்கிறான். ஞாயித்துக்கிழமையில மைதானத்துல எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்திருக்கான். லைசென்ஸ் இல்ல. மழை இருட்டு, ஒரு பக்கம் லைட் வேற எரியல. அதான் பல்பு வாங்கினேன். கிளிப் மாட்டல, கட்டிட்டேன். பத்திரமாக் கொண்டுபோய் விட்டுட்டு நடந்தே வந்தேம்மா. வக்கீல் எடுத்துட்டுப் போனார்னு சொன்னது பொய்தான். ஆனா நான் விட்ட பிறகு அவர் எடுத்துட்டுப் போய் மோதிட்டார்னு நெஜமா நம்பினேன். இப்பவும்... நான் யார் மேலயும் மோதலம்மா."

"ஏரிக்கரை வளைவுல ஏதாவது தூக்கிப் போட்டுச்சா?"

"ஸ்பீட் பிரேக்கர். மில் சங்கு ஊதிக்கிட்டு இருந்துச்சு, அந்த நேரம் ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்கிச்சு."

சர்வேயர் மெதுவாகச் சொன்னார். "அந்த ரோட்டுல ஸ்பீட் பிரேக்கரே கிடையாதும்மா."

அந்த நேரம் பார்த்து ஆறு மணிச் சங்கு ஊதத் தொடங்கியது. ஒரு முழு நிமிடம். கண்ணாடி டம்ளர் மேஜையில் நடுங்கியது. அந்தச் சத்தத்துக்குள் எதுவும் மறைந்துகொள்ளும் என்று வாலுவுக்குத் தோன்றியது. ஒரு அலறல், ஒரு சைக்கிள், ஒரு முழு மனிதன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, அது முடிவதற்காக, அல்லது முடியாமல் இருப்பதற்காக, காத்திருந்தார்.

சங்கு நின்றது.

"அப்போ சின்னவன்..." என்றார். "அவன் ஏன் நான்தான்னு..."

"மறுநாள் வேலைக்குப் போனதும் வண்டியோட மூலை நசுங்கியிருக்கிறதைப் பாத்திருப்பான். வலது லைட் எப்படி எரியுதுன்னு பானெட்டைத் தூக்கியிருப்பான். அந்த முடிச்சை அவன் சட்டையில தெனமும் பாக்கிறான். அறுத்து எறியறதுக்குள்ள போலீஸ் வந்துட்டாங்க. வக்கீல் அவனை மிரட்டல. யாரும் மிரட்டல."

அக்கா அழுவார் என்று வாலு நினைத்தான். அவர் அழவில்லை. சட்டையை மடியில் இழுத்துப்போட்டு, பட்டன் வரிசையை மேலிருந்து கீழே விரலால் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது இடத்தில் விரல் நின்றது. வெறும் துணி.

"நாளைக்கு அவன் வாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடி நான் போய் நின்னுடணும். அவனுக்கு முன்னாடி. அவன் இதைப் போட்டுக்கிட்டு வெளிய வரணும்." மேஜையில் துழாவி ஊசியை எடுத்தார். நூலை நாக்கில் நனைத்து, ஊசிக்கு அருகே கொண்டுபோனார். நூல் காற்றைக் குத்தியது. மறுபடியும் குத்தியது. மூன்றாம் முறையும்.

பிறகு ஊசியையும் நூலையும் வாலு நின்ற பக்கமாக, அவன் இல்லாத ஒரு இடத்தைப் பார்த்து நீட்டினார்.

"ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. கொஞ்சம் கோத்துக் குடுங்க தம்பி."